மாமியின் பல்லுக்கு மூன்று தடவை காசு கட்டினோம். இது சரியான கணக்கா?

கோப்பாய் மகள் (ஹரோ), 3 ஜூலை 2025

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொண்டு வாசியுங்கள்.

மாமிக்கு, அதாவது இவருடைய அம்மாவுக்கு, 68 வயது. மாமா 2011இல் தவறிய பிறகு எங்களோடுதான் இருக்கிறார். பிரிட்டிஷ் குடியுரிமை உண்டு. இங்கே லண்டனில் பார்க் ராயல் பக்கத்தில் ஒரு சாண்ட்விச் தொழிற்சாலையில் 14 வருடம் வேலை செய்தவர். இப்போது அரச பென்ஷன் கிழமைக்கு 92.10 பவுண் வருகிறது. வேறு வருமானம் இல்லை. வங்கியில் 4,000 பவுண் அளவில் வைத்திருக்கிறார், தன் செத்தவீட்டுச் செலவுக்கு என்று.

மே மாதம் ஒரு நாள் காலையில் பார்த்தால் மாமியின் வலது கன்னம் வீங்கிப் போயிருந்தது. 111க்கு (அரச மருத்துவ உதவி எண்) அடித்து, அவர்கள் சொன்ன இடத்துக்கு அன்று பின்னேரமே கூட்டிக்கொண்டு போனோம். பல் வைத்தியர் எக்ஸ்ரே எடுத்து, சீழ் பிடித்திருக்கிறது என்று அன்ரிபயோட்டிக் எழுதித் தந்தார். 27.40 கேட்டார்கள், கட்டினோம் (மே 8). மருந்துக் கடையில் ஒரு சதமும் கேட்கவில்லை, 60 வயதுக்கு மேல் என்பதால். கண் பரிசோதனையும் மாமிக்கு இலவசம்தான். அப்படியானால் பல்லுக்கு மட்டும் ஏன் காசு என்று அப்போதே எனக்குள் ஒரு கேள்வி எழுந்தது. வரவேற்பில் இருந்த பிள்ளை அவசரத்தில் நின்றது, கேட்கவில்லை.

வீக்கம் வற்றிய பிறகு அதே இடத்துக்கு மே 22 திரும்பப் போனோம். முழுதாகப் பரிசோதித்து, இரண்டு பல் பிடுங்க வேண்டும், ஒன்றை அடைக்க வேண்டும், மேலே கட்டுப்பல் வைக்க வேண்டும் என்றார் வைத்தியர். ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். அன்றைக்கே ஒரு பல்லைப் பிடுங்கிவிட்டு 75.30 வாங்கினார்கள். அடுத்த கிழமை மற்றப் பல், அதற்குப் பிறகு அடைப்பு. கட்டுப்பல்லுக்கு அளவெடுத்த ஜூன் 19ஆம் தேதி 326.70 என்றார்கள். இவர் கிரெடிட் கார்டில் போட்டார்.

கூட்டிப் பாருங்கள்: 27.40, 75.30, 326.70. மொத்தம் 429.40 பவுண். மாமியின் நான்கு கிழமைப் பென்ஷனைவிடக் கூட.

காசைவிட எனக்கு வேறொன்றுதான் தாங்க முடியாமல் இருக்கிறது. மாமிக்கு அந்தப் பல் தை மாதமே வலிக்கத் தொடங்கியிருக்கிறது. நான்கு மாதம் ஒருவருக்கும் சொல்லவில்லை. பாணைத் தேத்தண்ணியில் தோய்த்துத் தோய்த்துச் சாப்பிட்டதை நான் பார்த்தேன். வயது போகிறது, அப்படித்தான் சாப்பிடப் பிடிக்கிறதாக்கும் என்று நினைத்துவிட்டேன். வீட்டில் புட்டு அவித்த அன்று மட்டும் வடிவாகச் சாப்பிட்டார், அது மெத்தென்று இருப்பதால். "உங்களுக்கு மோர்ட்கேஜ் கூடிப் போச்சு, இதுக்கும் காசு கட்டச் சொல்லி எப்படிப் பிள்ளை கேட்கிறது" என்று பிறகு சொன்னார். நான் சமையலறைக்குள் போய் நின்று அழுதேன்.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள். 60 வயதுக்கு மேல் பல்லுக்கும் இலவசம் இல்லையா? ஒவ்வொரு தடவையும் தனித்தனியாகக் காசு கட்டியது சரிதானா? ஏதாவது திரும்பக் கிடைக்குமா?


லெஸ்டர் பல் நர்ஸ், 3 ஜூலை 2025

தங்கச்சி, நான் 11 வருடமாகப் பல் வைத்தியரிடம் நர்ஸாக இருக்கிறேன். என்.எச்.எஸ். (அரச மருத்துவச் சேவை), பிரைவேட் இரண்டும் பார்க்கும் இடம். உங்கள் கதையைப் பகல் சாப்பாட்டு நேரத்தில் வாசித்தேன், வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகப் பதில் எழுதுகிறேன். நான் சொல்வதெல்லாம் இங்கிலாந்துக்கு மட்டும். ஸ்காட்லாந்தில் பரிசோதனை எல்லோருக்கும் இலவசம், 26 வயதுக்குக் கீழே என்றால் சிகிச்சையும் இலவசம். அங்கே கணக்கே வேறு.

முதல் கேள்விக்குப் பதில்: இல்லை. 60 ஆனால் மருந்துச் சீட்டு இலவசம், கண் பரிசோதனை இலவசம், பல் மட்டும் இல்லை. எங்கள் வரவேற்பில் வாரத்துக்கு இரண்டு மூன்று வயதானவர்கள் இதைக் கேட்டுவிட்டு முகம் வாடிப் போய் நிற்பார்கள். அந்தப் பிள்ளை காசு கேட்டதில் பிழை இல்லை.

இரண்டாவது கேள்விதான் முக்கியம். இங்கே மூன்று பட்டை இருக்கிறது, பேண்ட் என்பார்கள். 2025 ஏப்ரலில் இருந்து பேண்ட் 1க்கு 27.40. இதில் பரிசோதனை, எக்ஸ்ரே, வைத்தியர் தேவை என்று நினைத்தால் பல் சுத்தம் செய்வது எல்லாம் அடங்கும். பேண்ட் 2க்கு 75.30. முதல் பட்டையில் உள்ளதோடு அடைப்பு, பிடுங்கல், ரூட் கனால். பேண்ட் 3க்கு 326.70. முதல் இரண்டிலும் உள்ளதோடு கிரவுன், பிரிட்ஜ், கட்டுப்பல்.

"முதல் இரண்டிலும் உள்ளதோடு" என்று எழுதினேனே, அதைத் திரும்ப ஒருமுறை வாசியுங்கள். ஒரே சிகிச்சைத் தொடருக்கு, அதாவது ஒரே திட்டத்தில் செய்யும் வேலை எல்லாவற்றுக்கும், ஒரே ஒரு கட்டணம்தான். எந்தப் பட்டை மேலே இருக்கிறதோ அது மட்டும். ஒரு பல் அடைத்தாலும் 75.30, ஐந்து பல் அடைத்து இரண்டைப் பிடுங்கினாலும் 75.30. பத்துத் தடவை வந்து போனாலும் அதுதான். பல்லுக்கு இவ்வளவு, வரவுக்கு இவ்வளவு என்ற கணக்கு என்.எச்.எஸ்.ஸில் கிடையாது.

இனி மாமியின் கணக்கு. மே 8 போனது அவசர சிகிச்சை. அது தனித் தொடர், அதற்கு 27.40 சரி. மே 22 தொடங்கியது புதிய தொடர். அன்றைக்கே கட்டுப்பல்லும் திட்டத்தில் இருந்தது என்றால் பிடுங்கியது, அடைத்தது, கட்டுப்பல் எல்லாம் சேர்த்து 326.70 மட்டும்தான். முதலில் 75.30 வாங்கியிருந்தால் பிறகு மிச்சம் 251.40 கேட்டிருக்க வேண்டும். ஆக நீங்கள் கட்டியிருக்க வேண்டியது 354.10. கூடக் கட்டியது 75.30.

இதை எப்படி நிரூபிப்பது? கையெழுத்து வாங்கினார்கள் என்றீர்களே ஒரு தாள், அதுதான் சாட்சி. எஃப்.பி.17 டி.சி. என்று மூலையில் அச்சடித்திருக்கும். பேண்ட் 2, பேண்ட் 3 வேலை என்றால், அல்லது பிரைவேட் வேலை எதையாவது கலந்து செய்தால், அந்தத் தாளைக் கட்டாயம் தர வேண்டும். அதில் என்னென்ன செய்யப் போகிறார்கள், எவ்வளவு என்று இருக்கும். கட்டுப்பல் அதிலே இருக்கிறதா, தேதி என்ன என்று பாருங்கள். இருந்தால் நேரே பிராக்டிஸ் மனேஜரிடம் போய்க் காட்டுங்கள். சண்டை பிடிக்கத் தேவையில்லை. பெரும்பாலும் வரவேற்பில் புதிதாக வந்தவர்கள் கணினியில் தொடரை மூடிவிட்டு இன்னொன்று திறந்துவிடுவார்கள், அதனால் வருகிற பிழை இது. அவர்கள் மறுத்தால் உங்கள் பகுதியின் ஐ.சி.பி.க்கு (அந்தப் பகுதி என்.எச்.எஸ்.ஸைக் கவனிக்கும் சபை) முறைப்பாடு எழுதலாம். அதற்கும் மேலே முறைப்பாடுகளை விசாரிக்கும் ஒம்புட்ஸ்மன் இருக்கிறார்.

தாளில் கட்டுப்பல் இல்லை, முதல் தொடர் முடிந்த பிறகுதான் அது வேண்டும் என்று முடிவெடுத்தார்கள் என்றால் கதை மாறும். ஒரு தொடர் முடிந்து இரண்டு மாதத்துக்குள் அதே பட்டையில் அல்லது அதற்குக் கீழே இன்னும் வேலை வந்தால் திரும்பக் காசு இல்லை. ஆனால் மேலே உள்ள பட்டைக்குப் போனால் உண்டு. அதனால் முதலில் அந்தத் தாளைத் தேடுங்கள்.

இன்னொன்று. அடைத்த பல் 12 மாதத்துக்குள் கழன்றால் அதே இடத்தில் காசில்லாமல் சரிசெய்து தர வேண்டும். கட்டுப்பல் உடைந்து ஒட்டுவதற்கும் கட்டணம் இல்லை. இதைத் தெரியாமல் எத்தனை அம்மாமார் உடைந்த கட்டுப்பல்லைத் துணியில் சுற்றி லாச்சிக்குள் வைத்திருக்கிறார்கள்!

மூன்றாவது கேள்வியை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்தேன். தங்கச்சி, மாமிக்குப் பென்ஷன் கிரெடிட் கிடைக்கிறதா? நீங்கள் அதைப் பற்றி ஒன்றுமே எழுதவில்லை. 2025-26 கணக்கில் தனியாள் ஒருவருக்குக் கிழமைக்கு 227.10க்குக் கீழே வருமானம் என்றால் அந்த அளவு வரை அரசு நிரப்பித் தரும். உங்களோடு ஒரே வீட்டில் இருந்தாலும் மகனின் சம்பளத்தைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். சேமிப்பு 10,000க்குக் கீழே என்றால் அதையும் பார்க்க மாட்டார்கள். 92.10 வருகிறது என்றால், மேலே 135 பவுண். ஒவ்வொரு கிழமையும்.

பென்ஷன் கிரெடிட்டில் கேரண்டி கிரெடிட் (Guarantee Credit) என்ற பகுதி கிடைப்பவர்களுக்கு என்.எச்.எஸ். பல் சிகிச்சை முழுக்க இலவசம். விண்ணப்பித்த நாளில் இருந்து மூன்று மாதம் பின்தேதியிட்டும் தருவார்கள். நாளைக்கே விண்ணப்பித்தால் ஏப்ரல் தொடக்கம் வரை பின்னே போகும். அப்படியானால் மே 8ஆம் தேதியும் அதற்குள் வந்துவிடும். கட்டிய காசைத் திரும்பக் கேட்க எச்.சி.5 என்று ஒரு படிவம் இருக்கிறது, பல்லுக்குத் தனியாக. ரசீதோடு அனுப்ப வேண்டும். கட்டிய நாளில் இருந்து மூன்று மாதம்தான் கெடு. மே 8 கட்டியதற்கு ஓகஸ்ட் 8. இன்றைக்கு ஜூலை 3. தள்ளிப் போடாதீர்கள்.


கோப்பாய் மகள், 3 ஜூலை 2025

அக்கா, கை நடுங்குகிறது. பென்ஷன் கிரெடிட் என்பது வீடு இல்லாமல் தனியாக இருப்பவர்களுக்கு என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்தோம். மகனோடு இருந்தால் தர மாட்டார்கள் என்று கோயிலில் ஒருவர் மாமியிடம் சொன்னாராம், அதோடு விட்டுவிட்டார். அது இரண்டு வருடத்துக்கு முந்திய கதை.

தாளைத் தேடுகிறேன். சமையலறை லாச்சிக்குள் பள்ளிக்கூடக் கடிதங்களோடு கிடக்கும்.


இரவு வேலைக்காரன் (குரோய்டன்), 4 ஜூலை 2025

அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன், வயது குறைந்தவர்களும் இதை வாசிப்பார்கள் என்பதால்.

இலவசம் என்று கையெழுத்துப் போடுமுன் கட்டாயம் சரிபாருங்கள். எனக்கு யுனிவர்சல் கிரெடிட் (வருமானம் குறைந்தவர்களுக்கான அரச உதவி) வருகிறது, இரண்டு பிள்ளைகள். சூப்பர்மார்க்கட்டில் இரவு வேலை. போன வருடம் ஒரு பல்லை அடைக்கப் போனபோது, யுனிவர்சல் கிரெடிட் வருகிறதா என்று படிவத்தில் கேட்டிருந்தது. வருகிறது என்று போட்டுக் கையெழுத்து வைத்தேன். நான் சொன்னது பொய் இல்லை. ஆனால் யுனிவர்சல் கிரெடிட் வந்தால் மட்டும் போதாது என்பது எனக்குத் தெரியாது. கடைசியாக முடிந்த கணக்கு மாதத்தில் கையில் வந்த சம்பளம் 435 பவுண் அல்லது அதற்குக் குறைவாக இருக்க வேண்டும். பிள்ளைகளுக்கான பகுதி சேர்ந்திருந்தால், அல்லது உடல்நலக் காரணத்தால் வேலை செய்ய முடியாது என்ற பகுதி இருந்தால், 935. அந்த மாதம் நத்தார் ஓவர்டைம் செய்திருந்தேன், 962 வந்திருந்தது. 27 பவுண் கூட.

சில மாதம் கழித்துக் கடிதம் வந்தது. சிகிச்சைக் கட்டணமும் கட்ட வேண்டும், அதற்கு மேலே 100 பவுண் அபராதம். கட்டணத்தின் ஐந்து மடங்கு அல்லது 100, எது குறைவோ அது. 28 நாளுக்குள் கட்டாவிட்டால் இன்னும் 50 ஏறும். மனைவி கடிதத்தைப் பார்த்துவிட்டு, நாங்கள் ஏதோ களவு செய்தது போல எழுதியிருக்கிறார்களே என்று இரவு முழுக்கத் தூங்கவில்லை. நான் உடனே கட்டிவிட்டேன். இந்த மண்ணில் 16 வருடம் வரி கட்டியவனுக்கு அந்தக் கடிதம் எவ்வளவு வலித்தது என்று சொல்லத் தெரியவில்லை.

அதனால் தம்பி தங்கச்சிகளே, சந்தேகம் என்றால் முதலில் காசைக் கட்டி ரசீது வாங்குங்கள். வீட்டுக்கு வந்து யுனிவர்சல் கிரெடிட் கணக்கில் அந்த மாதத்துக்கான தாளைத் திறந்து பாருங்கள். தகுதி இருந்தால் அக்கா சொன்ன அதே எச்.சி.5 படிவத்தில் திரும்பக் கேட்கலாம். வரவேற்பில் இருக்கிறவர்களுக்கு உங்கள் சம்பளம் தெரியாது. கையெழுத்துப் போடுகிறவர்தான் பொறுப்பு.


ஈஸ்ட்ஹாம் பெரியவர், 4 ஜூலை 2025

பிள்ளை, உன் மாமியின் கதை என் மனைவியின் கதை போலவே இருந்தது. நான் 1984இல் வந்தவன். 60 வயதுக்காரருக்கு மருந்து இலவசம், பல்லுக்கு ஏன் காசு என்ற உன் கேள்வி நியாயமான கேள்வி. அதற்குப் பின்னால் ஒரு சரித்திரம் இருக்கிறது.

என்.எச்.எஸ். 1948 ஜூலை 5 தொடங்கியபோது பல்லும் கண்ணாடியும் எல்லாமே இலவசம். சனம் அலைமோதியது. வாயில் ஒரு பல்கூட நல்லதாக இல்லாமல் வாழ்ந்த தொழிலாளர்கள் முதல் தடவையாகக் கட்டுப்பல் வைத்துக்கொண்டார்கள். மூன்று வருடம்கூட அது நிலைக்கவில்லை. 1951இல் கொரியப் போர், ஆயுதத்துக்குக் காசு வேண்டும். நிதியமைச்சர் ஹியூ கெய்ட்ஸ்கெல் தன் பட்ஜெட்டில் கட்டுப்பல்லுக்கும் கண்ணாடிக்கும் பாதி விலையை நோயாளியிடம் வாங்குவது என்று கொண்டுவந்தார். அந்த வருடத்தில் மிச்சமாகும் என்று சொன்ன தொகை 13 மில்லியன் பவுண். என்.எச்.எஸ்.ஸை உருவாக்கிய அனைரின் பெவன் அப்போது தொழில் அமைச்சர். இதை ஏற்க முடியாது என்று ஏப்ரல் மாதம் பதவியை விட்டார். பின்னாளில் பிரதமரான ஹரோல்ட் வில்சனும் அவரோடு விலகினார். அடுத்த வருடம் சேர்ச்சில் ஆட்சியில் சாதாரணப் பல் சிகிச்சைக்கும் ஒரு பவுண் என்று வந்தது. அன்றைக்குப் போட்ட வழிதான் இது. பல் ஒன்று மட்டும் உடம்பில் சேராதது போல எழுபது வருடத்துக்கு மேலாக ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். என் மனதை உறுத்துவது அதுதான்.

நான் வந்த காலத்தில் ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வொரு விலை. 400க்கு மேற்பட்ட விலைகள் இருந்தன என்பார்கள். கடைசி வருடங்களில் செலவில் 80 சதவீதம் நாங்கள் கட்ட வேண்டும், ஆகக் கூடியது 384 பவுண். என்ன வரும் என்று வைத்தியருக்கே சில நேரம் தெரியாது. 2006 ஏப்ரலில்தான் இந்த மூன்று பட்டை வந்தது. அப்போது 15.50, 42.40, 189. அந்த 189தான் 2025இல் 326.70. பட்டை முறை எளிது என்பதை நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எளிதாக்கியது வரவேற்பில் இருக்கிறவர்களுக்காவது தெரிய வேண்டும் அல்லவா?

பெவனின் ஊர் வேல்ஸில் ட்ரெடெகர். ஒரு தடவை பேரனைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.


நெல்லைப் பொண்ணு (கவென்ட்ரி), 5 ஜூலை 2025

எல்லாருக்கும் வணக்கம். நான் திருநெல்வேலியில் இருந்து முதுகலை படிக்க வந்திருக்கிறேன். விசாவோடு ஹெல்த் சர்சார்ஜ் என்ற மருத்துவக் கட்டணம் 1,164 பவுண்டு கட்டினேன், வருடத்துக்கு 776 வீதம் ஒன்றரை வருடக் கணக்கு. ஊரில் அப்பா நகையை வைத்துக் கொடுத்த பணம். அதில் பல்லும் அடக்கம் என்று நினைத்திருந்தேன். கடைவாயில் சொத்தை. டிசம்பரில் ஊருக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று கிராம்பு எண்ணெய் வைத்துச் சமாளிக்கிறேன். லெஸ்டர் அக்கா, என் மாதிரி ஆட்களுக்கு வழி இருக்கிறதா? விசாவில் அரசு உதவி எதுவும் வாங்கக் கூடாது என்று போட்டிருக்கிறது, அதுதான் பயம்.


லெஸ்டர் பல் நர்ஸ், 5 ஜூலை 2025

நெல்லைத் தங்கச்சி, டிசம்பர் வரை வைக்காதே. இப்போது அடைத்தால் 75.30. வேருக்குப் போய்விட்டாலும் என்.எச்.எஸ்.ஸில் அதே 75.30தான், ஆனால் உன் பல்லும் தூக்கமும் போகும்.

சர்சார்ஜ் கட்டினாலும் பல் கட்டணம் உண்டு. இங்கேயே பிறந்தவர்கள் கட்டுகிற அதே கட்டணம்தான் உனக்கும். ஆனால் வருமானம் குறைந்தவர்களுக்கு என்.எச்.எஸ். லோ இன்கம் ஸ்கீம் என்று ஒன்று இருக்கிறது. எச்.சி.1 படிவம் நிரப்ப வேண்டும், இணையத்திலும் செய்யலாம். மாணவர்களும் விண்ணப்பிக்கலாம். சேமிப்பு 16,000 பவுண்டுக்குக் கீழே இருக்க வேண்டும். முழு உதவி என்றால் எச்.சி.2 சான்றிதழ் வரும், பல்லுக்கு ஒன்றும் கட்டத் தேவையில்லை. பாதி உதவி என்றால் எச்.சி.3, அதில் நீ எவ்வளவு கட்ட வேண்டும் என்று எழுதியிருக்கும். விசாவில் சொல்லும் அரசு உதவி யுனிவர்சல் கிரெடிட், சைல்ட் பெனிஃபிட் போன்றவை. என்.எச்.எஸ். சிகிச்சை உதவி அந்தப் பட்டியலில் இல்லை, பயப்படாதே. உன் பல்கலைக்கழகத்தில் மாணவர் ஆலோசனைப் பிரிவு இருக்கும், அங்கே போனால் படிவம் நிரப்ப உதவுவார்கள்.

அப்புறம் பல் வைத்தியர் கிடைப்பது. அதுதான் உண்மையான கஷ்டம். 2024 பிப்ரவரியில் பிரிஸ்டலில் ஒரு புதிய என்.எச்.எஸ். பல் வைத்தியரிடம் பெயர் கொடுக்கத் தெருவை அடைத்து வரிசை நின்ற படத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஏன் அப்படி? நோயாளி கட்டுகிற காசு வைத்தியருக்குக் கூடுதல் வருமானம் இல்லை, என்.எச்.எஸ். அவருக்குக் கொடுக்கும் பணத்தில் இருந்து அதைக் கழித்துக்கொள்வார்கள். அவருக்குக் கணக்கு யு.டி.ஏ. என்ற அலகில். பரிசோதனைக்கு 1, அடைப்புக்கு 3, கட்டுப்பல்லுக்கு 12. முன்பெல்லாம் ஒரு பல் அடைத்தாலும் 3, ஆறு பல் அடைத்தாலும் 3. 2022 நவம்பரில்தான் மூன்று பல் அல்லது அதற்கு மேல் என்றால் 5, கடைவாய்ப் பல் ரூட் கனாலுக்கு 7 என்று மாற்றினார்கள். வாய் முழுக்கச் சொத்தையோடு வருகிற ஏழைக்குத்தான் நேரம் அதிகம் தேவை. அவரைப் பார்த்தால் வைத்தியருக்கு நட்டம் என்ற நிலை. நல்ல வைத்தியர்கள் மனம் வெறுத்துப் பிரைவேட்டுக்குப் போவதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

ஜி.பி. (குடும்ப வைத்தியர்) மாதிரி வீட்டுக்குப் பக்கத்தில்தான் பார்க்க வேண்டும் என்று பல்லுக்கு விதி இல்லை. பஸ் போகும் தூரத்தில் எங்கே இடம் இருந்தாலும் போகலாம். கவென்ட்ரியில் கிடைக்காவிட்டால் பக்கத்து ஊர்களுக்கும் போன் பண்ணு. பத்து இடத்துக்கு அடித்தால் ஒன்று கிடைக்கும். வீக்கமோ காய்ச்சலோ வந்தால் காத்திருக்காமல் 111.


கோப்பாய் மகள், 9 ஓகஸ்ட் 2025

எல்லோருக்கும் ஒரு மாதமாகக் கடமைப்பட்டிருக்கிறேன், இன்றைக்குத்தான் எழுத முடிந்தது.

தாள் கிடைத்தது. லாச்சிக்குள் இல்லை, மாமியின் சாமிப்படத்துக்குப் பின்னால். கையெழுத்துப் போட்ட தாள், பத்திரமாக இருக்க வேண்டும் என்று வைத்தாராம். தேதி மே 22, மூன்றாவது வரியில் கட்டுப்பல் எழுதியிருந்தது. கொண்டுபோய்க் காட்டினேன். மனேஜர் கணினியில் பார்த்துவிட்டு, இரண்டு தொடராகப் பதிந்துவிட்டார்கள், மன்னியுங்கள் என்று 75.30ஐ அன்றைக்கே கார்டில் திருப்பிப் போட்டார். மரியாதையாகத்தான் நடந்தார்.

பென்ஷன் கிரெடிட்டுக்கு ஜூலை 4 காலையில் மாமியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போன் பண்ணினோம். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டோம், தந்தார்கள். மாமி தன் வாயாலேயே எல்லாம் சொன்னார். தொழிற்சாலையில் எந்த வருடம் சேர்ந்தேன், எந்த வருடம் முழங்கால் வலியில் நின்றேன் என்று ஒன்றுவிடாமல். போன கிழமை கடிதம் வந்தது. கிழமைக்கு 135 பவுண், ஏப்ரலில் இருந்து. லெஸ்டர் அக்கா சொன்ன கணக்கு அப்படியே.

எச்.சி.5 படிவத்தை ரசீதுகளோடும் அந்தக் கடிதத்தின் பிரதியோடும் ஓகஸ்ட் 4ஆம் தேதி பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். 354.10. இன்னும் பதில் வரவில்லை, வந்ததும் இங்கேயே எழுதுகிறேன். கோயிலில் மாமியோடு இருக்கும் நான்கு அம்மாமாரின் பென்ஷன் விபரத்தையும் இப்போது நான்தான் எழுதி எடுத்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு பேருக்குக் கட்டாயம் கிடைக்கும் போலிருக்கிறது. மூன்றாமவருக்கு வங்கியில் 18,000 இருக்கிறது, அவருக்குக் கணக்கு எப்படி என்று லெஸ்டர் அக்கா ஒருக்கால் சொல்லுங்கள்.

கட்டுப்பல் ஒரு பக்கம் கொஞ்சம் உரசியது, ஒரு தடவை போய்த் தேய்த்துச் சரிசெய்தோம். அதற்குக் காசு கேட்கவில்லை.


லெஸ்டர் பல் நர்ஸ், 9 ஓகஸ்ட் 2025

18,000 என்றால் 10,000க்கு மேலே உள்ள 8,000ஐ மட்டும் பார்ப்பார்கள். ஒவ்வொரு 500க்கும் கிழமைக்கு ஒரு பவுண் வருமானம் என்று எடுப்பார்கள், ஆக 16 பவுண். அவருடைய பென்ஷனோடு 16ஐக் கூட்டி 227.10க்குக் கீழே வருகிறதா என்று பாருங்கள். வந்தால் உடனே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். அந்த அம்மாவுக்குப் பல் எப்படி என்றும் கேளுங்கள்.